ஸ்டாக் போட்டோவில் 54,000 சம்பாதித்து 56,160 வரி கட்டுவீங்களா?



தலைப்பைப் பார்த்ததும் "இது சும்மா கிளிக் வாங்குறதுக்கு" என்று நினைச்சிருப்பீங்க. இல்லை, கணக்கு உண்மையானது. 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை, சம்பளம் சரியாக 12.75 லட்சம். அப்படி ஒருத்தர் ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் மாதிரி தளங்களில் போட்டோ போட்டு வருஷத்துக்கு 600 டாலர் சம்பாதிக்கிறார். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 54,000 ரூபாய். அந்தப் பணம் வந்த ஒரே காரணத்துக்காக அவர் மேல் விழுகிற கூடுதல் வரி 56,160 ரூபாய். எப்படின்னு கீழே வரிசையாகப் போட்டுக் காட்டுறேன்.

"போன்ல எடுத்த போட்டோவை வித்து மாசம் 50 ஆயிரம்" என்கிற தம்ப்நெயில் எல்லாம் நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த வீடியோக்களில் அப்லோடு பட்டன் எங்கே இருக்குன்னு காட்டுவாங்க, டாலர் ஸ்கிரீன்ஷாட் காட்டுவாங்க. அந்த டாலர் அமெரிக்காவிலிருந்து உங்க சம்பள அக்கவுண்டுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை இடத்தில் கை வைக்கிறாங்க என்று யாரும் சொல்றதில்லை. போட்டோ எடுக்கிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறவங்களுக்கு இது நல்ல வழிதான், நான் மறுக்கலை. என் கருத்து ஒண்ணே ஒண்ணு: சம்பளத்தில் இருக்கிறவங்க முதல் படத்தை ஏத்துறதுக்கு முன்னாடி, தங்கள் சம்பளம் வரி ஏணியில் எந்தப் படியில் நிற்குதுன்னு பார்த்துட்டு இறங்கணும். இந்த வருமானம் லாபமா நஷ்டமா என்பதை உங்க கேமராவை விட அந்தப் படிதான் தீர்மானிக்குது.

விலை வைக்கிறது நீங்க இல்லை

முதலில் நீங்க என்ன விற்கறீங்க என்பதைப் புரிஞ்சுக்கணும். படத்தின் காப்பிரைட் உங்ககிட்டயே இருக்கும். அதைப் பயன்படுத்தும் உரிமையை, அதாவது லைசென்ஸை, தளம் உங்க சார்பில் கஸ்டமருக்குக் கொடுக்குது. அதில் உங்களுக்கு ஒரு பங்கு வருது. அந்தப் பங்குக்குப் பெயர் ராயல்டி. "ராயல்டி ஃப்ரீ" என்று தளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து சிலர் பயப்படுறாங்க. வாங்குறவர் ஒரு முறை பணம் கொடுத்துட்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதுதான் அதன் அர்த்தம். உங்களுக்கு ராயல்டி கிடையாது என்று அர்த்தம் இல்லை. இந்த "ராயல்டி" என்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க, வரிப் பகுதியில் இதுதான் ஹீரோ, வில்லன் எல்லாம்.

2000-ல் கனடாவின் கால்கரியில் ஆரம்பித்த ஐஸ்டாக்போட்டோ, படங்களை சில்லறை விலைக்கு விற்க முடியும் என்று காட்டியது. 2003-ல் ஜான் ஓரிங்கர் என்பவர் தான் எடுத்த சுமார் 30,000 படங்களை வைத்து ஷட்டர்ஸ்டாக்கை ஆரம்பித்து, மாத சந்தா முறையைக் கொண்டு வந்தார். சந்தா வந்த நாளிலிருந்து ஒரு தனிப் படத்துக்கு விலை என்பதே கிட்டத்தட்ட போயிடுச்சு. நம்ம வீட்டில் கேபிள் டிவிக்கு மாசா மாசம் கட்டுறோமே, எந்த சேனலை எத்தனை நிமிஷம் பார்த்தோம் என்று பார்த்தா கட்டுறோம்? அதே கதைதான்.

ஒரு உதாரணம். மாசம் 200 டாலர் கட்டினால் 750 படம் எடுக்கலாம் என்கிற மாதிரி ஒரு பெரிய சந்தா என்று வைப்போம். ஒரு படத்துக்கு விழுவது சுமார் 27 சென்ட். அதில் 15% என்றால் 4 சென்ட். 2020 ஜூன் 1 முதல் ஷட்டர்ஸ்டாக்கில் இருக்கிற முறைப்படி ஒரு டவுன்லோடுக்குக் குறைந்தபட்சம் 10 சென்ட் உண்டு, அதனால் 10 சென்ட் வரும். நம்ம பணத்தில் 9 ரூபாய். டீக்கடையில் ஒரு டீக்குக்கூட இது பத்தாது.

அந்த 2020 மாற்றத்தில் இன்னொரு விஷயம் இருக்கு, அதுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். போட்டோக்களுக்கு ஆறு நிலைகள். ஒரு வருஷத்தில் முதல் 100 டவுன்லோடு வரை 15%. 250 வரை 20%. 500 வரை 25%. 2,500 வரை 30%. 25,000 வரை 35%. அதுக்கு மேல் 40%. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனால் ஜனவரி 1 வந்தால் எல்லோரும் மறுபடி 15%-லிருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு முன்னாடி வாழ்நாள் வருமானத்தை வைத்துதான் நிலை ஏறும், ஏறினால் இறங்காது. உங்க ஆபீஸில் ஒவ்வொரு ஜனவரியிலும் உங்களை ஃப்ரெஷர் சம்பளத்துக்கு இறக்கிட்டு, "மறுபடி பெர்ஃபார்ம் பண்ணிக் காட்டுங்க, ஏத்தித் தர்றோம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

பகுதி நேரமாகச் செய்றவங்களைத்தான் இது அதிகம் அடிக்குது. வருஷத்துக்கு 400 டவுன்லோடு உங்களுக்கு, ஒவ்வொண்ணுக்கும் தளத்துக்குக் கிடைப்பது 1 டாலர் என்று கணக்குக்காக வைப்போம். முதல் நூறுக்கு 15 டாலர், அடுத்த 150-க்கு 30 டாலர், கடைசி 150-க்கு 37.50 டாலர். மொத்தம் 82.50. சராசரி பார்த்தால் 21% கூட இல்லை. அடோபி ஸ்டாக்கில் போட்டோவுக்கு 33%, வீடியோவுக்கு 35%, எத்தனை விற்றாலும் அதே விகிதம். அதே 400-க்கு அங்கே 132 டாலர். ரெண்டு இடத்திலும் விற்பனையும் விலையும் ஒரே மாதிரி இருக்காது, அதனால் இதை வைத்து ஒண்ணை மூடிட்டு இன்னொண்ணுக்குப் போகச் சொல்லலை. ஒரே படத்தை ரெண்டிலும் போடலாம். ஆனால் நேரம் குறைவாக இருக்கிறவங்க எதை முதலில் கவனிக்கணும் என்று கேட்டால், விகிதம் வருஷா வருஷம் கீழே விழாத இடத்தைத்தான் சொல்வேன்.

எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தம், அதாவது "எங்ககிட்ட மட்டும் கொடுங்க, அதிக சதவீதம் தர்றோம்" என்பது, மாதச் சம்பளம் வாங்கிக்கிட்டே பக்கத்தில் செய்றவங்களுக்கு வேண்டாம் என்பேன். இந்தத் துறையில் பெரிய மீன் சின்ன மீனை விழுங்கிட்டே இருக்கு. 2006-ல் ஐஸ்டாக்கை கெட்டி இமேஜஸ் வாங்கியது. ஃபோட்டோலியாவை அடோபி வாங்கியதிலிருந்து வந்ததுதான் அடோபி ஸ்டாக். 2022-ல் பாண்ட்5-ஐ ஷட்டர்ஸ்டாக் வாங்கியது. 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப்போவதாக அறிவிச்சாங்க. வாங்குற கை குறையக் குறைய, விலையைப் பேசுற பலம் நம்ம பக்கம் கூடப்போறதில்லை. எல்லா முட்டையும் ஒரே கூடையில் போட்டுட்டு விதிமுறை மாறும்போது புலம்புறதில் அர்த்தம் இல்லை.

கேமரா இஎம்ஐ

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்றேன். 80,000 ரூபாய் கேமராவை 18 மாத இஎம்ஐயில் எடுத்தால் மாசம் சுமார் 4,450 ரூபாய், வட்டியே இல்லை என்று வைத்தாலும். டவுன்லோடுக்கு 9 ரூபாய் வீதம் அந்த 80,000-ஐ எடுக்க 8,900 டவுன்லோடு வேணும். அடோபியில் சந்தா டவுன்லோடுக்குக் குறைந்தது 33 சென்ட், சுமார் 30 ரூபாய் என்று போட்டாலும் கிட்டத்தட்ட 2,700 டவுன்லோடு. இதெல்லாம் வரிக்கு முன்னாடி.

நேரத்துக்கும் விலை போடுங்க. 500 படம் தேர்ந்தெடுத்து, நிறம் சரி பண்ணி, தலைப்பு வைத்து, கீவேர்ட் போடணும். ஷட்டர்ஸ்டாக்கில் 7 முதல் 50 கீவேர்ட் வரை, அடோபியில் 49 வரை போடலாம். ஒரு படத்துக்கு 10 நிமிஷம் என்றாலே 83 மணி நேரம், அதாவது இரண்டு வாரத்து ஆபீஸ் வேலை. "தூங்கும்போதும் காசு வரும்" என்கிறவங்க, தூங்காமல் கீவேர்ட் அடிச்ச இந்த 83 மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்கறதில்லை.

கையில் இருக்கிற போனும், ஏற்கெனவே வாங்கிய கேமராவும் போதும். எதை எடுக்கறீங்க என்பதுதான் முக்கியம். மெரினா சூரிய உதயம் எடுத்து என்ன பண்றது, அது ஏற்கெனவே கொட்டிக் கிடக்கு. நீங்க தினமும் பார்த்துப் பழகிப்போன விஷயங்கள்தான் வெளியில் கிடைக்காது. டீக்கடை கண்ணாடி பாட்டில் பக்கத்தில் ஒட்டியிருக்கிற யுபிஐ க்யூஆர், பேரன் சொல்லித்தர போனைப் பார்த்துக்கிட்டிருக்கிற பாட்டி, மின்சார ஸ்கூட்டரை சார்ஜில் போடுற பெண், சொட்டு நீர்ப் பாசனக் குழாய், நைட் ஷிப்ட் கேப். வங்கியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் விளம்பர ஏஜென்சியும் இந்த மாதிரி இந்திய முகங்களைத்தான் தேடுது. ஒண்ணு மட்டும்: அடையாளம் தெரியுற முகம் இருந்தால் விளம்பரப் பயன்பாட்டுக்கு அந்த நபர் கையெழுத்துப் போட்ட மாடல் ரிலீஸ் கட்டாயம். பாட்டியாகவே இருந்தாலும் கையெழுத்து வாங்குங்க. அது இல்லாமல் எடுத்தது எடிட்டோரியல் பிரிவுக்குத்தான் போகும், விற்கிற சந்தை சுருங்கிடும்.

அமெரிக்கா முதலில் கை வைக்கும்

யூடியூப் சேனல் வைத்திருக்கிறவங்களுக்கு இது ஏற்கெனவே பழக்கம். 2021 ஜூன் முதல் அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலம் வரும் வருமானத்துக்கு அங்கேயே வரி பிடிக்கிறாங்க இல்லையா, அதே சட்டம்தான் இங்கேயும். உங்க படத்தை அமெரிக்காவில் இருக்கிற கஸ்டமர் வாங்கினால் அந்த ராயல்டி அமெரிக்க வருமானம். நீங்க எதையும் நிரப்பாமல் விட்டால் பிடித்தம் 30%. டபிள்யூ-8பென் என்கிற படிவத்தைத் தளத்தின் வரிப் பகுதியில் ஆன்லைனிலேயே நிரப்பி, இந்தியா-அமெரிக்கா இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 12-வது ஷரத்தைக் கோரினால் 15%. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் பாதிக்குப் பாதி. அமெரிக்க வரி எண் எதுவும் தேவையில்லை, வெளிநாட்டு வரி எண் கேட்கிற இடத்தில் உங்க பான் எண்ணைப் போட்டால் போதும். பெயர் பான் கார்டில் இருக்கிற மாதிரியே இருக்கணும். இனிஷியல் விஷயத்தில் நம்ம ஊர்க்காரங்க மாட்டிக்கிறது சகஜம், அதனால் கவனமாகப் போடுங்க.

600 டாலரில் 60% அமெரிக்க விற்பனை என்று வைப்போம், 360 டாலர். படிவம் இல்லாமல் 108 டாலர் போகும், படிவத்தோடு 54 டாலர். மிச்சமாகும் 54 டாலர், நம்ம பணத்தில் 4,860 ரூபாய். 10 சென்ட் கணக்கில் இது 540 டவுன்லோடுக்குச் சமம். பத்து நிமிஷ வேலைக்கு இதை விட நல்ல கூலி இந்தத் தொழிலில் வேறெதிலும் கிடைக்காது.

மீதி 546 டாலர் பேபால் அல்லது பேயோனியர் வழியாக வரும். கூகுளில் காட்டுற ரேட் உங்களுக்குக் கிடைக்காது. மாற்றும்போது 4% போகுது என்று வைத்தால் கையில் விழுவது சுமார் 47,170 ரூபாய். பேயோனியரில் டாலராகவே மாசக்கணக்கில் சேர்த்து வைக்கிற பழக்கம் வேண்டாம். வெளிநாட்டுச் சொத்து விவரம் காட்டணுமா என்கிற தேவையில்லாத கேள்வி ரிட்டர்னில் வரும். வரவர வங்கிக்கு மாத்திடுங்க, பேங்க் தர்ற ரெமிட்டன்ஸ் அட்வைஸை ஒரு ஃபோல்டரில் போட்டு வைங்க.

இப்போ அந்த 56,160

இந்தியாவில் வசிக்கிறவருக்கு உலகத்தில் எங்கே வந்த வருமானமும் இங்கே வரிக்கு உட்பட்டது. அதுவும் கையில் வந்த 47,170-க்கு இல்லை, அமெரிக்காவில் பிடிச்சதையும் சேர்த்து முழு 54,000-க்கு. இந்த வருமானத்துக்குத் தனி வரி விகிதம் கிடையாது, சம்பளத்தோடு சேர்ந்து ஸ்லாபுக்குப் போகும். மூணு பேரைப் பார்ப்போம். மூணு பேருமே புதிய வரி முறை, மூணு பேருக்கும் அதே 600 டாலர்.

முதல் ஆள், சம்பளம் 9 லட்சம். 54,000 சேர்ந்தாலும் 75,000 ஸ்டாண்டர்டு டிடக்ஷன் போக 12 லட்சத்துக்குள் நிற்குது. 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்ஜியம். சந்தோஷம். ஆனால் அமெரிக்காவில் பிடிச்ச 4,860 ரூபாயைத் திரும்ப வாங்கலாமா? முடியாது. வெளிநாட்டில் கட்டிய வரிக்கான கிரெடிட், அந்த வருமானத்துக்கு இந்தியாவில் எவ்வளவு வரி வருதோ அதைத் தாண்டாது. இங்கே வரியே பூஜ்ஜியம் என்றால் கிரெடிட்டும் பூஜ்ஜியம். "இரட்டை வரி இல்லை, எல்லாம் திரும்பக் கிடைக்கும்" என்று வீடியோக்களில் அடிச்சு விடுறது இளம் சம்பளக்காரங்களில் பெரும்பாலானவங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு அந்த 15% ஒரு செலவு. கணக்கில் செலவாகவே எழுதிக்கோங்க.

இரண்டாவது ஆள், சம்பளம் 18 லட்சம். டிடக்ஷன் போக 17.25 லட்சம், அதனால் இந்த 54,000 விழுவது 20% ஸ்லாபில். செஸ் சேர்த்து 11,232 ரூபாய். கிரெடிட் உண்டு, ஆனால் இங்கேயும் ஒரு நெளிவு இருக்கு. அந்த அமெரிக்க வருமானத்துக்கான இந்திய வரியைப் பொதுவாகச் சராசரி விகிதத்தில் கணக்குப் போடுவாங்க, உச்ச ஸ்லாபில் இல்லை. இவருடைய மொத்த வரியை மொத்த வருமானத்தால் வகுத்தால் சராசரி சுமார் 9.1%. அப்போ 32,400 ரூபாய் அமெரிக்க வருமானத்துக்குக் கிடைக்கும் கிரெடிட் சுமார் 2,950 மட்டும், 4,860 இல்லை. புதிய முறையில் சராசரி விகிதம் 15%-ஐத் தொட வரிக்குரிய வருமானம் சுமார் 27 லட்சம் ஆகணும். அதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் அமெரிக்க வரியில் ஒரு பகுதியை இழக்கத்தான் செய்வாங்க. கடைசியில் இவர் கையில் நிற்கிறது 54,000-க்கு சுமார் 38,900.

மூணாவது ஆள்தான் தலைப்பில் இருக்கிறவர். சம்பளம் 12.75 லட்சம். டிடக்ஷன் போக சரியாக 12 லட்சம், வரி பூஜ்ஜியம். இப்போ 54,000 சேருது. வருமானம் 12,54,000. ஸ்லாப் படி வரி: 4 முதல் 8 லட்சத்துக்கு 20,000, 8 முதல் 12 லட்சத்துக்கு 40,000, மேலே இருக்கிற 54,000-க்கு 15% வீதம் 8,100. மொத்தம் 68,100. 12 லட்சத்தைத் தாண்டியதால் 87ஏ தள்ளுபடி கிடையாது. மார்ஜினல் ரிலீஃப் என்று ஒண்ணு காப்பாத்தும்: 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு சம்பாதிச்சீங்களோ அதை விட வரி அதிகமாகக் கூடாது. அதனால் வரி 54,000. அதன் மேல் 4% செஸ் 2,160. ஆக 56,160. கிரெடிட் சராசரி கணக்கில் சுமார் 1,450 கழிச்சால் கட்ட வேண்டியது 54,700-க்குப் பக்கம். கையில் வந்ததோ 47,170. வருஷம் முழுக்க படம் எடுத்து, கீவேர்ட் அடிச்சு, கடைசியில் சம்பளத்திலிருந்து 7,500 ரூபாய் எடுத்துக் கொடுத்துட்டு வர்றார்.

12.75 லட்சத்தில் நிற்கிறவருக்குக் கூடுதல் வருமானத்தின் முதல் 70,588 ரூபாய் வரைக்கும் இதே நிலைமைதான், வர்றது அத்தனையும் வரிக்கே போகும். அதுக்கு மேல்தான் ஸ்லாப் கணக்கு பழையபடி வேலை செய்யும். இது ஸ்டாக் போட்டோவுக்கு மட்டும் இல்லை, எஃப்டி வட்டிக்கும் இதே கதி. ஆனால் எஃப்டி வட்டிக்காக யாரும் ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி வெயிலில் நிற்கறதில்லை.

அப்போ என்ன பண்ணலாம்? உங்க சம்பளம் 12 லட்சத்திலிருந்து 13 லட்சத்துக்குள் இருந்தால், நிதியாண்டு ஆரம்பத்திலேயே எச்ஆரிடம் போய் கம்பெனி வழி என்பிஎஸ் இருக்கான்னு கேளுங்க. புதிய முறையிலும் உங்க அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை கம்பெனி போடுற என்பிஎஸ் பங்கைக் கழிக்கலாம். மேலே சொன்ன ஆள் சிடிசியில் 54,000-ஐ அப்படித் திருப்பிவிட்டிருந்தால் வரிக்குரிய வருமானம் மறுபடி 12 லட்சம், வரி பூஜ்ஜியம். பணம் ஓய்வுக்காலம் வரை பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும், அது உண்மைதான். ஆனாலும் அது உங்க பணம். மார்ச் மாசம் ஓடினால் எச்ஆர் கையை விரிப்பாங்க, அதனால் ஏப்ரலிலேயே கேளுங்க. இந்த வருமானத்துக்காகவே செய்த செலவு, எடிட்டிங் மென்பொருள் சந்தா மாதிரி, பில்லோடு இருந்தால் கழிக்கவும் இடம் இருக்கு.

ரிட்டர்ன் போடும்போது

வழக்கமா போடுற ஐடிஆர்-1 இனி உங்களுக்கு ஆகாது. வெளிநாட்டு வருமானம் ஒரு ரூபாய் இருந்தாலும் அது செல்லாது. எப்போதாவது விற்கிற ராயல்டியைப் பிற வருமானத்தில் காட்டுறவங்களுக்கு ஐடிஆர்-2. தொழிலாகவே முறையாகச் செய்து, கேமரா, கம்ப்யூட்டர் தேய்மானம் எல்லாம் கழிக்கிறவங்களுக்கு ஐடிஆர்-3. தேய்மானத்துக்கு ஆசைப்பட்டு ஐடிஆர்-3-க்கு ஓடாதீங்க. தொழில் வருமானம் என்று வந்துட்டால் பழைய, புதிய வரி முறைக்கு இடையே வருஷா வருஷம் மாறுகிற சுதந்திரம் போயிடும். வருஷத்துக்கு 50,000 வருகிறவங்களுக்கு அது தேவையில்லாத தலைவலி.

80க்யூக்யூபி என்று ஒரு ராயல்டி கழிவு இருக்கே என்று யாராவது சொன்னால், அது புத்தகம் எழுதுறவங்களுக்கு, அதுவும் பழைய முறையில். போட்டோவுக்கு இல்லை. 44ஏடிஏ-யில் பாதி வருமானத்துக்கு வரி கட்டினால் போதும் என்பதும் சட்டத்தில் பட்டியல் போட்ட தொழில்களுக்குத்தான். ஸ்டாக் போட்டோகிராபர் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை இந்த வரவு வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டுற வரைக்கும் பதிவு பற்றிக் கவலைப்பட வேண்டாம். தாண்டினால் எனக்கும் ஒரு காபி வாங்கிக் கொடுங்க.

கிரெடிட் கேட்கிறவங்க 2025-26 கணக்குக்குப் படிவம் 67-ஐ வருமான வரி போர்ட்டலில் தனியாகப் போடணும். ஆதாரம், தளம் தரும் 1042-எஸ் அறிக்கை. அது ஜனவரி முதல் டிசம்பர் கணக்கு, நம்முடையது ஏப்ரல் முதல் மார்ச். அதனால் மாதவாரி வருமான அறிக்கையை அப்பப்போ டவுன்லோடு பண்ணி வைங்க, ஜூலையில் உட்கார்ந்து தேடினால் ரெண்டு வருஷத்தையும் ஒட்டுப் போட்டுக்கிட்டு இருப்பீங்க. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருது, அதன் கீழ் வரும் ஆண்டுகளுக்குப் பிரிவு எண்கள் வேற. பழைய வீடியோக்களைப் பார்த்து எண்களை அப்படியே போட்டுடாதீங்க, நம்ம சேனல் வீடியோவாகவே இருந்தாலும்.

டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தொட்டால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும், இல்லைன்னா வட்டி. இதுக்குச் சுலப வழி, ஆபீஸ் பேரோல் போர்ட்டலில் பிற வருமானம் என்று அறிவிச்சுட்டால் அவங்களே சம்பளத்தில் பிடிச்சிடுவாங்க. ஆனால் அப்படி அறிவிக்கும்போது உங்களுக்கு வேற வருமானம் இருக்குன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சிடும், அது பரவாயில்லையான்னு முன்னாடியே பாருங்க.

"சின்னத் தொகைதானே, காட்டாமல் விட்டால் யாருக்குத் தெரியும்" என்பது அடிக்கடி காதில் விழுற கேள்வி. உங்க பான் எண்ணை நீங்களே அமெரிக்கப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கீங்க. பணம் பர்பஸ் கோடோடு உங்க சம்பள அக்கவுண்டுக்கு வருது. 9 லட்சம் சம்பளக்காரருக்கு வரியே வரப்போறதில்லை, அதை மறைச்சு நோட்டீஸ் வாங்குறது எந்த ஊர் புத்திசாலித்தனம்?

ஆபீஸ் விஷயத்துக்கு வருவோம். 2022 செப்டம்பரில் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாகச் சொல்லி 300 பேரை அனுப்பியது ஞாபகம் இருக்கும். ராயல்டி வாங்குறது இன்னொரு கம்பெனியில் வேலை பார்க்கிறது ஆகாது என்பதுதான் என் வாதம். ஆனால் உங்க ஆஃபர் லெட்டரில் "வேறு எந்த வருமானம் தரும் செயலிலும்" என்கிற மாதிரி வாசகம் இருந்தால் என் வாதம் உங்களைக் காப்பாத்தாது. எச்ஆருக்கு ரெண்டு வரி மெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கோங்க. ஆபீஸ் லேப்டாப்பில் எடிட் பண்ணாதீங்க. ஆபீஸ் கேன்டீன், ஐடி கார்டு, லோகோ, ஸ்கிரீன் எதுவும் படத்தில் வரக்கூடாது.

ஏஐ பற்றியும் ஒரு வார்த்தை. அடோபி தன்னுடைய ஃபயர்ஃப்ளை ஏஐக்கு ஸ்டாக் படங்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கிட்டு, 2023 செப்டம்பரில் படம் கொடுத்தவங்களுக்கு முதல் போனஸ் தந்தது. ஷட்டர்ஸ்டாக்கும் இதுக்காக ஒரு நிதி வச்சிருக்கு, வேண்டாம் என்கிறவங்க செட்டிங்கில் போய் அணைச்சுக்கலாம். அந்த போனஸும் வருமானம்தான், ரிட்டர்னில் சேரும். ஏஐயில் படம் தயாரிச்சு மூட்டை மூட்டையாக ஏத்தலாம் என்று பார்க்கிறவங்களுக்கு: அடோபி ஏஐ என்று குறிப்பிட்டால் எடுத்துக்கும், ஷட்டர்ஸ்டாக்கும் கெட்டியும் உங்ககிட்டேயிருந்து எடுத்துக்காது.

ஏற்கெனவே டபிள்யூ-8பென் நிரப்பியிருக்கிறவங்க, எந்த வருஷம் கையெழுத்துப் போட்டீங்கன்னு இன்னைக்கே திறந்து பாருங்க. கையெழுத்துப் போட்ட வருஷத்துக்குப் பிறகு மூணாவது வருஷத்தின் டிசம்பர் 31 வரைக்கும்தான் அது செல்லும். 2022-ல் போட்டது 2025 டிசம்பரோடு முடிஞ்சுது. புதுசு போடுற வரைக்கும் பிடித்தம் மறுபடி 30%.